ஒரு தாள், பன்னிரண்டு காசுகள்

அக்காவைப் பற்றி அழகாக எழுதக்கூடியவர்கள் குடும்பத்தில் இருக்க, அவரிடம் அதிகம் திட்டு வாங்கிய தம்பியான எனக்கு அந்தப் பொறுப்பு வந்திருக்கிறது. முதலாண்டு நினைவுக்குக் கூடியிருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா சிங்கப்பெருமாள் கோவிலில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்; நான் அரைக்கால் சட்டையில் திரிந்தேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார், தாம்பரத்தில் வீடும் கட்டினார். முதலில் ஒரே அறை. அதைப் பூசி முடிக்காமல் அடுத்த அறைக்குச் செங்கல் இறக்க அவர் சம்மதிக்கவில்லை.

விதவிதமான நாணயங்கள் சேர்ப்பதிலும் அதே பிடிவாதம்தான். ஆரம்பத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். டின் நிறைந்ததே தவிர அவருக்கு மனம் நிறையவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் பாயில் கொட்டினார்.

"எல்லாம் வேணும்னு அலைஞ்சா ஒண்ணும் முடியாதுடா. முடிக்க முடியறதா எடுத்துக்கணும்."

அன்றிலிருந்து ஒரு தலைப்புக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், அதில் பன்னிரண்டு பைகள். அடங்காவிட்டால் தலைப்பைச் சுருக்குவார். இரண்டாவது தாள் கிடையாது. வட்டமில்லாத காசுகள் ஒரு தாள். ஒரே வருடத்து ரூபாய்க் காசு, நான்கு நாணயச் சாலைகளிலிருந்து, இன்னொரு தாள்: வருடத்துக்குக் கீழே புள்ளி, நட்சத்திரம், வைரம், ஒன்றுமே இல்லாதது. நான்கே காசோடு முடிந்துபோன அதைத்தான் பெருமையாகக் காட்டுவார். பஸ்ஸில் கண்டக்டர் தரும் சில்லறையைக் கண்ணாடியை உயர்த்தி ஆராய்வார். நான் தெரியாதவன் போலத் தள்ளி நிற்பேன்.

அவருக்கு உயிரான தாள் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தின் பன்னிரண்டு பேரும் பிறந்த வருடங்களின் காசுகள். எனக்கு வாய்த்தது தாமரை போட்ட இருபது பைசா, கறுத்துப் போனது. தாம்பரத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் அந்தத் தாளை முதன்முறையாக வைக்கவிருந்தார். முந்தின நாள், அவர் குளிக்கப் போன நேரத்தில், என் காசு மட்டும் மங்கலாக இருக்கலாமா என்று புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே? காசைப் போய்த் தேய்ப்பாங்களா?"

வருடக்கணக்கில் காசில் ஏறிய நிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள், தேய்த்த காசைத் தொடவும் மாட்டார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா கண்காட்சிக்கு வேறு தாளை எடுத்துப் போனார். "போகுது விடு. வேற கிடைச்சா மாத்திக்கிறேன்" என்றார். அவர் ஆசையாகச் சேர்த்ததை நான் கெடுத்துவிட்டேன். வெட்கத்தில் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தாளைத் திறந்து பார்க்கவும் துணியவில்லை.

நோய் வந்த பிறகும் அக்கா மாறவில்லை. "இன்னைக்கு கேட் வரைக்கும் போதும்" என்று என் தோளைப் பிடித்து நடப்பார். பிறகு ஜன்னல் வரை. பிறகு கட்டிலில் எழுந்து உட்கார்வது. அதுவும் முடியாத வாரத்தில் எங்களை விட்டுப் போனார்.

இந்த நினைவு மலரில் படம் போடுவதற்காகப் போன மாதம் அந்தத் தாளை எடுத்தேன். என் பையில் அதே இருபது பைசா. மாற்றுக் காசு கிடைக்கவே இல்லை போலும் என்று எண்ணி, பல்லாவரம் சந்தையில் அக்கா வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம் போய், அக்கா பெயரைச் சொல்லி, அதே வருடத்தில் தேய்க்காத காசு ஒன்று கேட்டேன்.

"அக்கா ஆல்பத்துக்கா சார்? நானே ரெண்டு தபா நல்ல பீஸா எடுத்து வெச்சேன். வேணாம்னுட்டாங்க. என் தம்பி தேய்ச்சதுதான் அதுல இருக்கணும்னாங்க."

சந்தைக் கூட்டத்தில் நின்று அழுதேன்.

அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப்போன கோவிலம்பாக்கம் நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பின் அட்டையில் அந்தத் தாளின் படம் இருக்கிறது. பதினொரு காசுகள் அவற்றின் நிறத்தில் இருக்க, கடைசி வரிசையில் பளிச்சென்று தெரிவது என்னுடையது. மன்னிச்சிடுக்கா.