கோயில் திருநூறு

பதுளையில், விசாரணைக் கைதிகளை வைக்கும் விளக்கமறியல் சிறை வாசலில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். விரல்களில் கறை ஏறியிருந்தது. காவலர் கேட்கும் முன்பே, மகனுக்குக் கொண்டுவந்த சோற்றில் ஒரு வாய் தின்று காட்டினார்.

போதைப்பொருளை ஒழிக்க அரசாங்கம் நாடெங்கும் நடத்திய தேடுதலில், சட்டைப்பையில் இருந்த பொட்டலத்துக்காக மகனைப் பிடித்திருந்தார்கள்.

"கோயில் திருநூறுங்க. கொழும்புல சோதிச்சு அறிக்கை வரணுமாம். அஞ்சு மாசமாச்சு."

பிறகொரு நாள் அவரை பஸ்ஸில் கண்டேன். திருநீறுதான் என்று அறிக்கை வந்து, மகனை விட்டிருந்தார்கள். அவன் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே வருவதேயில்லையாம்.

"அரசாங்கத்து மேல கோவம் வரலையாம்மா?"

"தூள் விக்கிறவங்களப் புடிக்கத்தானே வேணுங்க? எங்க லயத்துலயே ரெண்டு புள்ளைங்க தூளால செத்துச்சுங்க."

அவர் இறங்கிப் போனார். அந்தப் பதிலை என்னால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.