கண்ணாடிக்குள் ஒரு முகம்

அம்மை வடு விழுந்த தன் முகம் எப்படியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது என்றே எங்கள் வீடு நம்பியது. அதற்காகவே அம்மா கண்ணாடிகளையெல்லாம் பெட்டியில் பூட்டியிருந்தாள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ராயபுரம் வீட்டின் எதிர்ச்சுவரில் சோப்பு விளம்பரம் வரைய ஒரு பெயின்டர் வந்தார். தாடியெல்லாம் நீலச் சாயம். படத்தைப் பார்க்க அடிக்கடி பின்பக்கமாகவே நடந்து நடுத்தெருவுக்குப் போய்விடுவார்.

"வூட்ல சொல்லிகினு வந்தியா நைனா?" என்று ஜட்காக்காரர்கள் கத்துவார்கள்.

கையில் கண்ணாடி ஏந்திய, உண்மையின் உருவமான ஒரு பெண்தான் கம்பெனி தந்த மாதிரிப் படம். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் அவள் ஆடையின்றி நிற்பாள். சோப்புக்காரர்கள் புடவை கட்டிவிட்டிருந்தார்கள். கண்ணாடிக்குள் மட்டும் அச்சு அழிந்திருந்தது.

"இதுல யார் மூஞ்சிம்மா போடறது?" என்று ஜன்னலில் நின்ற அக்காவையும் என்னையும் பெயின்டர் கேட்டார்.

"என் மூஞ்சியப் போடுங்க," என்றாள் அக்கா. "நெத்தியில அஞ்சு வடு, மூக்கோரம் மூணு. ஒண்ணையும் வுடாதீங்க."

நான் பதறிப்போனேன். "உனக்கெப்படித் தெரியும்?"

"கிணத்துல தண்ணி இல்லியா?"

பெயின்டர் சிரித்தார். "கம்பெனிக்காரன் என்னைத் தோச்சித் தொங்கவுட்ருவாம்மா!"

ஆனாலும் வரைந்தார், எட்டு வடுக்களையும். மாலையில் தெருவே திரண்டது. வாசலில் நெடுநேரம் நின்ற அம்மா, உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

மூன்றாம் நாள் கம்பெனி சுவருக்கு வெள்ளையடித்தது. பெயின்டரை அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை. பிழைப்பைப் பணயம் வைத்து அவர் ஏன் வரைந்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. அன்று அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிய கூடத்தில் அக்காவும் நானும் இருக்கிறோம்.