கஸ்தூரியின் நெல் பச்சை என்று சொன்னவள்

பொய் சொன்னேன். முற்றித் தலைசாய்த்து நின்ற கஸ்தூரியின் நெல்லை, பச்சை என்று வாய் கூசாமல் சொன்னேன்!

என் கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். கஸ்தூரியின் கணவர் போய் நான்கு. பாகூர்ப் பக்கம் எங்கள் கழனிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அறுவடை வண்டிக்காக நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே... புரோக்கருக்கு எத்தனை முறை போன் போட்டாலும் ஒரே பதில்தான். "வூட்ல ஆம்பள இருந்தா பேசச் சொல்லும்மா." இருந்தால் நான் ஏன் உன்னிடம் கெஞ்சப் போகிறேன்!

தை மாதத்தில் புயல் வருகிறது என்றார்கள். தையில் புயல் என்று யார் கேள்விப்பட்டது? கஸ்தூரிதான் புரோக்கர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து தன் பெயரை எழுத வைத்தாள். மறுநாள் எனக்கும் சேர்த்துத் தார்ப்பாய் வாங்க வில்லியனூருக்கு பஸ் ஏறினாள். அன்று மத்தியானம் அவளுக்கு வரவேண்டிய வண்டி காலையிலேயே வந்து நின்றது.

"கஸ்தூரி கழனி எதும்மா?"

"அது இன்னும் பச்சப்பா, ரெண்டு நாளாவும். என்னுது இது. இதுல எறங்கு."

என் ஒரு காணியை அறுத்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. வெளியூர் டிரைவர், சேற்றில் சிக்குமுன் ஓடிவிட்டான். நனைந்துகொண்டே வந்த கஸ்தூரி என்ன செய்தாள் தெரியுமா உங்களுக்கு? என் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினாள்!

அவள் பயிர் படுத்து, கதிரிலேயே முளைத்தது. பட்டா இன்னும் மாமனார் பெயரில்... நிவாரணமும் வரவில்லை. கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறாள்.

"வண்டிக்காரன் கழனி மாறி எறங்கிட்டான் போலக்கா. இன்னா பண்றது... உன்னுதாவது தேறிச்சே."

சந்தேகப்படக்கூடத் தெரியாத ஜென்மம்! உண்மையைச் சொல்லியிருந்தால் என் நெல்தானே முளைத்திருக்கும்? இருவரில் ஒருத்தி அழிந்தே தீரவேண்டுமா? ...இதெல்லாம் சாக்கு. எனக்கே தெரிகிறது.

இன்று என் கழனியில் நடவு. இடுப்பு வலிக்கிறதென்று கஸ்தூரி ஒரு நிமிடம் நிமிர்ந்தாள்.

"இன்னாடி வேடிக்க? வேலயப் பாரு!" என்று கத்தினேன். நான்! அவளை!

"சரிக்கா" என்று குனிந்துவிட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. பாதி நடவு மீதியிருக்கிறது. நாளைக்கும் அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.