ஆறாவது படி

கிள்ளானை அடுத்த காப்பார் ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு அடுத்தவர் பணத்தை எப்படிப் பெருக்குவது என்று நன்றாகத் தெரியும். தன் பணம்தான் கைகூடவில்லை. மாதாமாதம் லாபம் கொட்டும் என்று நண்பர் ஒருவர் சொன்ன தங்கத் திட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். சில மாதம் லாபம் வந்தது. அப்புறம் லாபமும் வரவில்லை, நண்பரும் வரவில்லை. இந்த மனிதர்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கிள்ளானில் நான் வேலை பார்த்த சரக்குக் கம்பெனி, ஐம்பத்தைந்து வயதில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து என்னை அனுப்பிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தமாகச் சின்ன அடுக்குமாடி வீடு. சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமநிதியை அறுபது வயது வரை தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். நடுவில் ஐந்து வருடம் சாப்பிட வேண்டுமே. கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிற ஃபண்டுகளில், முடிகிற வருடத்தை முன்கூட்டியே குறித்துவிடுகிற வகை ஒன்று உண்டு. அந்த வருடம் வந்ததும் ஃபண்டையே மூடி, மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். கடன் வாங்கிய கம்பெனி கவிழ்ந்தால் கொஞ்சம் நஷ்டம்தான். அதனால்தான் ஒரே ஃபண்டில் பல கம்பெனிகளைச் சேர்க்கிறார்கள். கம்பெனி கொடுத்த தொகையில் நான் அப்படி ஐந்து வாங்கினேன், வருடத்துக்கு ஒன்று முடிகிற மாதிரி. இதற்கு ஏணி என்று பெயர். ஒரு படி எனக்கு ஒரு வருடச் சோறு. நடுவில் உருவினால் அன்றைய விலைதான் கிடைக்கும், அபராதம் வேறு.

"ஏணி வச்சு எங்கேம்மா ஏறப் போற?" என்றார் அண்ணன். "இதெல்லாம் ரொம்ப ஸ்லோ லா." வேகமாகப் போன அவர் எங்கே போய் விழுந்தார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியிடம், எந்தப் படி எந்த வருடம், எந்த மாதம் முடியும் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். நாத்தனார் என்ற முறையில் அவர் கழுத்துத் தாலிக்கு முடிச்சுப் போட்டவள் நான். அந்த நம்பிக்கையில் சொன்னது. எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாத தங்கையின் பணம் என்றால் அது எல்லாருடைய பணம். அடுத்த பொங்கலுக்குள் என் படிகளைப் பங்கு போட்டுவிட்டார்கள். இரண்டாவது படி அண்ணன் மகன் கல்யாணத்துக்கு, மூன்றாவது வீட்டுக் கூரைக்கு. முகூர்த்தத்தை ஐயர் குறித்ததாகப் பத்திரிகையில் போட்டார்கள். உண்மையில் குறித்தது என் ஃபண்டுதான். மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டார்கள்.

தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன்.

"ரெண்டாவது அடுத்த மாசம் வருதுல்ல? மண்டபம், சாப்பாடு எல்லாம் அதுல சமாளிச்சிடலாம்," என்றார் அண்ணி.

"அது என்னோட ஒரு வருஷச் சாப்பாடு அண்ணி."

"ஒரு வருஷம்தானே," என்றார் அண்ணன். "எங்க வீட்டுல வந்து இரு. சமையக்கட்டுக்குப் பின்னால உள்ள ரூம காலி பண்ணியாச்சு. மருமக வேலைக்குப் போற பொண்ணு, அண்ணிக்கு முட்டி வலி. சமையலுக்கும் ஒரு ஆள் ஆச்சு லா."

ரூமைக் கூடக் காலி செய்துவிட்டார்கள். முப்பது வருடம் கணக்கு எழுதிய என்னை, என் பணத்திலேயே கல்யாணம் நடத்தி, சம்பளமில்லாத சமையல்காரியாக்க இவர்களுக்கு எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது. எனக்குக் கோபம் கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

"வரல அண்ணே. பணமும் தர மாட்டேன்."

அண்ணன் முகம் சுருங்கியது. "புருஷன் இல்ல, பிள்ள இல்ல. நாளைக்கு உனக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரு வந்து தூக்குவா?"

"அஞ்சாவது படி அதுக்குத்தான். தூக்குற ஆளுக்கும் வேனுக்கும் சேர்த்தே வச்சிருக்கேன்."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்கள். நான் சொன்னது பொய். ஐந்தாவதும் சோற்றுக்குத்தான். சாவுக்கென்று நான் எதுவும் வைத்திருக்கவில்லை. என்னைத் தூக்க எவ்வளவு ஆகும் என்று அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன்.

வரப்போகும் மருமகளுக்கென்று ஒரு ஜோடி வளையல் செய்து வைத்திருந்தேன், மணமேடையில் நானே அவள் கையில் போட வேண்டும் என்று. அந்த வாரமே அதை நகைக்கடையில் விற்று, ஆறாவது படி ஒன்று வாங்கினேன்.

கல்யாணத்துக்குப் போய் மொய்க் கவர் கொடுத்தேன். அண்ணி வாங்கிக்கொண்டு, வேறு ஏதாவது வருமா என்று என் கைப்பையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மூன்றாவது அடுத்த வருடம் இதே மாதம்தானே என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன். ஆறாவது ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. என்னைத் தூக்கப் போகிற பணம் எந்த வருடம் முடியும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.