எஸ். கோதைநாயகி, வயது 38

ராஜபாளையத்து ஸ்கேன் சென்டர் ஒன்றின் ஊழியர் பதிவேட்டில் அழகுத்தாய் இப்படி இருக்கிறாள்: துப்புரவுப் பணியாளர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பரிசோதனைப் பணிகளில் தொடர்பில்லை. டாக்டர் அனுக்ரஹாவின் கையெழுத்தைத் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவள் அங்கே அவள் ஒருத்திதான். கருவில் குறை உண்டா என்று பார்க்கக் கர்ப்பிணிகளிடம் எடுக்கும் பனிக்குட நீரைக் குழாய் குழாயாகப் பெட்டியில் அடுக்கி மதுரை லேபுக்கு பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அவளே. மீதி நேரத்தில் எல்லாரையும் சந்தேகப்படுவாள்.

ஆண்டாள் ஊரைச் சுற்றிக் கோதைநாயகிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் முப்பத்தெட்டு வயது, இருவருக்கும் முன்னெழுத்து எஸ். மம்சாபுரத்துக்காரிக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து முதல் கரு. வன்னியம்பட்டிக்காரிக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். ஆணா பெண்ணா என்று பார்க்கத்தான் நீர் எடுக்கிறார்கள், சட்டத்துக்குப் பயந்து சொல்ல மறுக்கிறார்கள் என்பது அவள் மாமியாரின் முடிவு. சந்தேகம் நல்லதுதான், இடம்தான் தப்பு என்று அழகுத்தாய் நினைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் அறிக்கைகள் வந்தன. வன்னியம்பட்டிக்குக் குறையில்லை என்று போனில் சொல்லியாகிவிட்டது. மம்சாபுரத்துக்கு டவுன் சிண்ட்ரோம்: நீரில் ஏ.எஃப்.பி. புரதம் குறைவு, இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. கணவனும் மனைவியும் வெளியே காத்திருந்தார்கள். கருவை வைப்பதா கலைப்பதா என்பது இனி அவர்கள் பாடு.

வழக்கம்போல அறிக்கையை முதலில் அழகுத்தாய் வாசித்தாள். 'திரவம்: தெளிவு, இளமஞ்சள்' என்ற வரியில் நின்றாள்.

“டாக்டரம்மா, இது அவிய தண்ணி இல்ல.”

டெக்னீஷியன் ஹரிப்ரசாத் சிரித்தான். “தொடைக்கிற வேலைய விட்டுட்டு ரிப்போர்ட்ட எதுக்குக்கா நோண்டுதீக?”

“தொடச்சவளுக்குத்தாம்ல தெரியும். மம்சாபுரத்துப் புள்ள தண்ணி மேசையில ஒரு சொட்டு சிந்துச்சு, டீக்கறை கணக்கா. அந்தப் புள்ளைக்கு மூணாம் மாசம் ரத்தம் பட்டிருக்கு. மத்தவ ரிப்போர்ட்ட எடுத்துப் பாரு.”

வன்னியம்பட்டி அறிக்கையில் 'பழுப்பு, பழைய ரத்தம்' என்று இருந்தது. ஹரிப்ரசாத் சிரிப்பதை நிறுத்தினான். அன்று வன்னியம்பட்டிக்காரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வரிசையை மீறி முதலில் போனதும், அவன் பழைய வரிசைப்படியே குழாய்களில் எண் ஒட்டியதும் பிறகு தெரிந்தது.

டாக்டர் மம்சாபுரத்துக் கோதைநாயகியின் ரத்தத்தை மட்டும் எடுத்து, இரண்டு நீரோடும் மரபணுவை ஒப்பிட அனுப்பினார். நான்கு நாளில் பதில் வந்தது. மாறித்தான் போயிருந்தது. மம்சாபுரத்துக்குக் குறையில்லை.

எல்லாரும் அழகுத்தாயைப் புகழ்ந்தார்கள். ஹரிப்ரசாத் லட்டு வாங்கிவந்தான். யாராவது புகழ்ந்தால் அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மம்சாபுரத்துக்கு யார் போன் செய்வது என்று மூன்று பேர் போட்டி போட்டார்கள். வன்னியம்பட்டியின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அழகுத்தாய் கேட்டதற்கு, முறைப்படி கடிதம் போகும் என்றார் மேனேஜர்.

“எந்த முறை? குறையில்லன்னு சொல்றதுக்கு போனு, இருக்குன்னு சொல்றதுக்குத் தபாலா?”

அழகுத்தாய் அடுத்த பஸ்ஸில் வன்னியம்பட்டி போய், கோதைநாயகியை அழைத்துவந்து டாக்டர் முன் உட்காரவைத்து, சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.