ஏழாவது துளை

ஸ்ரீவராகத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி லலிதாம்பாள் அலுவலகம் வந்து சேர்ந்தபோது, அவளுடைய வரைபடம் மறுபடியும் சிவப்பு மைத் திருத்தத்தோடு மேஜையில் கிடந்தது. வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள்.

1983ஆம் வருஷம். திருவனந்தபுரத்தில் ஒரு கடலாய்வுக் கூடம். ஆளோ கயிறோ இல்லாமல் தானாகவே ஆழ்கடலுக்குள் இறங்கி, தண்ணீரின் சூட்டை அளந்து, குறித்த நேரத்தில் இரும்பு எடையை உதறிவிட்டு மேலே வரும் கலம் ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அதன் அலுமினிய உடலை வரைந்தவள் அவள்தான். நாலு வருஷத்தில் பதினெட்டு தடவை.

"ஒரு தொளை கூடெ வேணம் லலிதாம்மே. லைட் வைக்கான்," என்றார் திட்டத் தலைவர் ஸ்ரீகண்டன், மலையாளம் கலந்த தமிழில்.

"லைட் எதுக்கு சார்? உள்ளே கேமராவே இல்லையே."

"டெல்லியிலேந்து ஆளு வருதல்லோ. காணான் ஒரு அழகு வேண்டே?"

"இது ஏழாவது தொளை சார். ஆறுக்கே சரியான ரப்பர் வளையம் வரலை. ஒழுகும்."

"ஒழுகாது. வரைஞ்சா மதி."

வரைந்தால் போதுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். ஓரத்தில், 'இத்துளை என் ஆலோசனைக்கு மாறானது' என்று மையால் எழுதித் தேதியும் போட்டாள்.

விழிஞ்ஞத்துக்கு அப்பால் கடலில், முப்பது மீட்டர் ஆழத்தில் சோதனை நடந்தது. டெல்லி அதிகாரி விளக்கைப் பாராட்டினார். கலம் இறங்கியது, ஏறவில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு, முக்குளிக்கும் வேலாயுதனை இறக்கிக் கயிறு கட்டித் தூக்கினார்கள். விளக்குத் துளை வழியாகக் கலத்தின் உடல் முழுக்கத் தண்ணீர் புகுந்திருந்தது.

மறுவாரம் அவளுக்கு மெமோ வந்தது: 'வரைபடப் பிழை. விளக்கம் தரவும்.'

ஒன்பது வருஷ சர்வீஸில் குரலை உயர்த்தாதவள், வரைபடத்தைச் சுருட்டி எடுத்துப் போய் ஸ்ரீகண்டனின் மேஜையில் விரித்தாள்.

"வாசிங்கோ சார்."

வாசித்தார். "இது எப்போ எழுதிச்சு?"

"அதுக்குக் கீழேதானே உங்க கையெழுத்து இருக்கு? வாசிக்காமயா போட்டேள்?"

மெமோ திரும்பிப் போனது. மன்னிப்பென்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. இரண்டு துளைகளை ஒன்றாக்கி, விளக்கை எடுத்தெறிந்து, ஐந்தே துளைகளோடு புதிதாக வரைந்து நீட்டினாள். இந்த முறை எவரும் சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் கலம் மறுபடியும் கடலில் இறங்கி, குறித்தபடி ஐம்பத்திரண்டாவது நிமிஷம் தானாக மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். லலிதாம்பாள் தட்டவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, கைக்குட்டையை உள்ளே விட்டு ஓரம் ஓரமாகத் துடைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை. கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கரை ஏறியதும், நாலு வருஷத்தில் முதல் தடவையாக, பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.