வீட்டுக்குத் தனிப் பாத்தி

போன சனிக்கிழமை காலை என் சாப்பாட்டு மேசையில் மூன்று லேப்டாப்புகள் திறந்து கிடந்தன. மூன்றின் நெற்றியிலும் ஒரு துண்டு கறுப்பு டேப்.

ஏதோ புது ஃபேஷன் என்றுதான் நினைத்தேன். தோசைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, என்னது இது என்று கேட்டேன்.

"கேமராவ மூடி வச்சிருக்கோம் ஆண்ட்டி. எவனாச்சும் உள்ள பூந்து பாத்துட்டா?" என்றாள் ஷாலினி. சொல்லிவிட்டுச் சம்பலை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — தேயிலை மலையை ஒட்டிய எங்கள் வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். வருகிறவர்கள் ஸ்ட்ராபெரி பறிப்பார்கள், தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். இந்த மூவர் அந்த ரகம் இல்லை. பிரவின், ஷாலினி, தினேஷ். கோலாலம்பூரில் சாப்ட்வேர் எழுதுகிறவர்கள். இதில் பிரவின் மட்டும் நம்ம ஊர்ப் பிள்ளை. பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார்கள்.

வந்த காரியம்? என் தம்பி கணேசனின் தோட்டம்.

கணேசன் கோலா தெர்லாவில் குடைமிளகாய் போட்டிருக்கிறான். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, பை பையாகச் செடி. ஒவ்வொரு பைக்கும் மெல்லிய குழாய் வழியாக உரம் கலந்த தண்ணீர் போகும். இத்தனை வருஷமாக வானத்தைப் பார்த்து, பையைத் தொட்டுப் பார்த்து, அவனேதான் பம்ப்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். இனி அந்த வேலையை ஒரு சின்ன மெஷினில் ஓடும் பிரவின் எழுதிய சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். வெயில், பனி, மழை எல்லாம் அதற்கே தெரியுமாம். கணேசன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதுமாம்.

கணேசனுக்கு முதலில் மனசு வரவில்லை. நான்தான் பேசி இழுத்தேன். "நம்ம பிரவின் செஞ்சதுடா, பயப்படாம போடு" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு சொன்னான், "அக்கா சொன்னா சரி."

அவனுக்கு அந்த ஒரு பிளாஸ்டிக் கொட்டகைதான். வெயில் நேரத்தில் ஒரு நாள் தண்ணீர் போகவில்லை என்றால் பையில் இருக்கிற செடி அப்படியே தலை தொங்கிவிடும். மண்ணில் நிற்கிற செடி மாதிரி வேரை நீட்டித் தேடிக்கொள்ள அதற்கு வழியில்லை.

சரி, சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன்.

தோசை முடிந்ததும் டீ. தேயிலை மலைப் படம் போட்ட டின்னை நடுவில் வைத்தேன். ஆளுக்கொரு பையை எடுத்து வெந்நீரில் போட்டுக்கொண்டார்கள். "மலைக்கு வந்து குடிக்கிற டீயே தனி டேஸ்ட் லா" என்றாள் ஷாலினி. நான் சிரித்துவிட்டு, என் டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்பது ஒரு பத்தி எழுத்தாளரின் தொழில் தர்மம் இல்லையா?

பிரவின் போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தான். "அந்த கோட் எழுதுற ஏ.ஐ.ல புது வெர்ஷன் விட்டுட்டாங்க. இது கோட் எழுதுறது மட்டும் இல்ல. எழுதினத தானே டெஸ்ட் பண்ணி, தானே ஏத்திருதாம்."

"தானே எழுதி, தானே மார்க் போட்டுக்குதா?" என்றான் தினேஷ். "எனக்கு ஃபார்ம் ஃபைவ் பரீட்சையில அந்த வசதி இல்லாம போச்சே."

பேச்சு அப்படியே போனது. யாரோ ஒரு கம்பெனி ஒரே ஒரு அப்டேட் போட்டு ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்த கதை. நாலு வார்த்தை பேசினால் போதும், நம் குரலையே நகல் எடுத்துப் பேசும் சாப்ட்வேர். "எனக்கும் எங்க அம்மாவுக்கும் ஒரு ரகசிய வார்த்தை இருக்கு" என்றாள் ஷாலினி. "நானே போன் பண்ணாலும் அத சொன்னாத்தான் அம்மா பேசுவாங்க."

தினேஷ் இன்னும் ஒரு படி மேலே. அவன் வாடகை வீட்டுக் கதவில் போனைக் காட்டினால் திறக்கிற பூட்டு இருந்ததாம். கழற்றிவிட்டு இரும்புப் பூட்டு ஒன்றை மாட்டியிருக்கிறான். இதற்கு முன்னால் அவன் வேலை பார்த்த கம்பெனி என்ன தயாரிக்கிறது தெரியுமா? போனைக் காட்டினால் திறக்கிற பூட்டு.

கடைசியாக பிரவின் சொன்னான். "எந்த அப்டேட்டும் அது வந்த அன்னைக்கே நான் போட மாட்டேன். மூணு மாசம் போகட்டும். எவனாச்சும் போட்டு அடிபடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வாசலில் நின்ற நானும் ஆட்டினேன். நல்ல புத்திதானே?

தட்டுக் கழுவும்போதுதான் உறைத்தது. யார் அந்த எவனாச்சும்? கோலாலம்பூரில் எல்லாரும் மூன்று மாதம் காத்திருந்தால், முதல் நாளே போட்டு அடிபடுகிறவன் எங்கேயாவது இருந்தாக வேண்டுமே... இருக்கிறான். கோலா தெர்லாவில் இருக்கிறான். அக்கா சொன்னால் சரி என்று உட்கார்ந்திருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், பயம்தான் முதலில் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேராக பிரவினிடம் போனேன்.

"உங்கப்பா வீட்டு முன்னால ரோஜாத் தொட்டி வச்சிருக்காரே, அதுக்கு இந்த சாப்ட்வேரப் போட்டிருக்கியா?"

"அது பத்துத் தொட்டிதானே ஆண்ட்டி. அதுக்கு எதுக்கு?"

"பத்துத் தொட்டிக்கும் தண்ணி ஊத்தணும்தானே?"

அவன் லேப்டாப்பைப் பார்த்தான். "இது இன்னும் முதல் வெர்ஷன் ஆண்ட்டி... கொஞ்சம் பாத்துட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

எனக்கு அது போதும். கணேசன் தோட்டத்துக்குக் கிளம்பிய அவர்கள் காரில் யாரும் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தேன். பிரிஞ்சாங் டவுனில் சனிக்கிழமை ரோடு ஜேம். அதைத் தாண்டினால் உருண்டை உருண்டையாகக் கோபிஸ் ஏற்றிய லோரிகள். வழி முழுக்க யாரும் டெக்னாலஜி பேசவில்லை.

கணேசன் கொட்டகையைப் பெருக்கி, மெஷின் வைக்க ஒரு பலகை அடித்து, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதுபோல் நின்றான். என் கண்ணில் பட்டது வேறொன்று. பம்ப்பின் பழைய சுவிட்ச் சுவரில் இல்லை. அவனே கழற்றி, ஒரு உரச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

"அதுக்குள்ள ஏண்டா கழட்டின?"

"இனி எதுக்கு அக்கா? அதான் புதுசு வருதே."

அவனைத் தனியாக இழுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் என்னைத் தாண்டி ஓடினான். ஆமாம், ஓடினான். ஷாலினி கொட்டகைக்குள் ஒரு சிவப்புக் குடைமிளகாயைப் பறித்து, சட்டையில் துடைத்து, வாய் வரைக்கும் கொண்டுபோயிருந்தாள்.

"அது வேணாம்மா... அது வேணாம்." மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"கழுவணுமா அங்கிள்?"

"கழுவி... இல்லம்மா, நீங்க இப்படி வாங்க."

உரம் வைக்கிற அறைக்குப் பின்னால் அழைத்துப் போனான். அங்கே சின்னதாக ஒரு பாத்தி. சாவிக் கீரை, கொத்தமல்லி, கொஞ்சம் பீன்ஸ், நாலு தக்காளிச் செடி. கீரை இலையெல்லாம் பூச்சி தின்ற ஓட்டை. "இது வீட்டுக்கு. பூச்சி மருந்து கெடையாது. எது வேணும்னாலும் பறிச்சுச் சாப்பிடுங்க" என்றான் பெருமையாக.

எனக்கு இது புதிதில்லை. இந்தப் பக்கம் காய்கறி போடுகிற பலர் வீட்டில் இப்படி ஒரு பாத்தி உண்டு. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஷாலினி கேட்டாள். "அப்ப அது யாருக்கு அங்கிள்?"

"அது லோரிக்கு."

"லோரி எங்க போகுது?"

"கே.எல்.லுக்கு."

"நான் கே.எல்.லதான் இருக்கேன் அங்கிள்."

கணேசன் தலையைச் சொறிந்தான். "தப்பா ஒண்ணும் அடிக்கிறதில்லம்மா. சொன்ன அளவுதான். அடிச்சு இத்தன நாள் விட்டுத்தான் பறிப்போம். இன்னிக்கு அந்த நாள் ஆகல, அதான்..." அவன் சொன்னது உண்மைதான். ஆனால் நாள் ஆன பிறகும் அவன் வீட்டுச் சட்டியில் அந்தக் குடைமிளகாய் விழுந்து நான் பார்த்ததில்லை.

பிரவினைக் கூண்டில் ஏற்றலாம் என்று வந்தவள் நான். இப்போது பக்கத்தில் என் தம்பியும் ஏறி நிற்கிறான். சிரிப்பு வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன் — டேப், இரும்புப் பூட்டு, மூன்று மாதம், அடிபட வேண்டிய எவனாச்சும்... எல்லாம்.

கணேசன் முழுக்கக் கேட்டான். சாக்கைப் பார்த்தான். கோபமே இல்லாமல் பிரவினிடம் கேட்டான், "அந்த எவனாச்சும் நான்தானா தம்பி?"

பிரவின் ஏதாவது சொல்லி மழுப்புவான் என்று நினைத்தேன். அவன் மழுப்பவில்லை. "ஆமா அங்கிள். உங்க தோட்டம்தான் முதல்" என்றான். காலையிலிருந்து அந்தப் பிள்ளை மேல் இருந்த எரிச்சலில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

கணேசன் பாத்திப் பக்கம் கையைக் காட்டினான். "அப்ப இதுல போடு."

"இதுலயா? இது சின்னது அங்கிள்..."

"உன் மெஷினுக்குச் சின்னது பெருசு தெரியுமா? இது எம்புள்ளைங்க திங்கிறது. இதுக்கு ஒழுங்கா ஊத்துச்சுன்னா லோரிக்குப் போறதுக்கும் ஊத்தும். மூணு மாசம் பாப்போம் லா."

பிரவினுக்கு மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? அவன் கணக்குத்தானே அது. சென்சார் வயரை எடுத்துக்கொண்டு கீரைக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தான். பழைய சுவிட்சைச் சாக்கிலிருந்து எடுத்துச் சுவரில் திரும்ப மாட்டிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இரும்புப் பூட்டுக்காரன் தினேஷ்தான். நாலு ஸ்க்ரூ போட்டு, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான்.

ஷாலினி விடவில்லை. "மருந்து அடிச்ச நாளையும் இந்த சாப்ட்வேர்ல ஏத்தலாமே அங்கிள். வாங்குறவங்க பாத்துக்கட்டும்."

"அது... யோசிப்போம்மா."

"வெர்ஷன் டூல" என்றான் தினேஷ், ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவானது. புதுசாக எதையாவது நம் தலையில் கட்ட வருகிறவரிடம், இது நல்லதா என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நல்லது என்றுதான் சொல்வார்கள், நம்பித்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டில் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் வரும் முன் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சந்தேகப்படுவதற்கு நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே சந்தேகப்பட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை கணேசன் போன் பண்ணினான். கீரை நன்றாக இருக்கிறதாம். "மெஷின் தண்ணி ஊத்துது அக்கா. ஊத்துச்சான்னு காலையில நான் போய் வெரல விட்டுப் பாக்குறேன். வேல ஒண்ணும் கொறையல." குரலில் நிம்மதி இருந்தது. எனக்கும்தான். நான் சொன்னதற்காக அவன் கொட்டகை முழுதும் வாடி நின்றிருந்தால், அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான். என்னால்தான் தாங்க முடிந்திருக்காது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்புகிற நேரம். ஷாலினி கோப்பையைக் கழுவ அடுக்களைக்குள் வந்தாள். மேடையில் என் டம்ளர், பாதி டீயோடு. குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"ஆண்ட்டி, என்ன டீ இது? இப்படி வாசமா இருக்கு."

ஃபேக்டரியிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவருகிற தூள் என்றேன். வாய் தவறி உண்மை வந்துவிட்டது. மேசையில் இருக்கிற டின்னில் எஸ்டேட் தேயிலை தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. பிரிஞ்சாங் சூப்பர்மார்க்கெட்டில் மொத்தமாகக் கட்டி வைத்திருக்கும் டீ பைகளை வாங்கி அதில் நிரப்பி வைக்கிறேன். எந்த நாட்டுத் தேயிலையோ, எனக்கே தெரியாது.

அந்தப் பெண் டம்ளரைப் பார்த்தாள். மேசையில் இருந்த டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நேற்று கற்ற பாடத்தை இவ்வளவு சீக்கிரம் மறப்பாளா?

"அப்ப அது யாருக்கு ஆண்ட்டி?"

நான் அடுப்பில் இன்னும் மூன்று டம்ளர் தண்ணீர் வைத்தேன்.